வீட்டுக்கு நாலு கண்டு

கனடாவில் கஞ்சாச் செடி வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எத்தனை, எங்கே, யாருடைய வீட்டில் என்று கேட்கத் தொடங்கினால் கணக்கு நீண்டுகொண்டே போகும்.

ஸ்காபரோவில் ஒரு நண்பரின் சமையலறை. மே மாதத் தொடக்கம். வெளியே இன்னும் பனி விழக்கூடும் என்பதால் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகள் யோகட் கோப்பைகளில் யன்னலோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. வரிசையின் ஓரத்தில் இன்னும் ஐந்து கோப்பைகள். அவற்றில் நின்ற கண்டுகளின் இலை விளிம்பு அரம்போலப் பல் வைத்திருந்தது. நண்பரின் அப்பா ஊரில் புகையிலைத் தோட்டம் செய்தவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது என்ன கண்டு தம்பி?"

"கஞ்சா, அப்பா. இஞ்சை சட்டப்படி வைக்கலாம். வீட்டுக்கு நாலு."

பெரியவர் கத்தப்போகிறார் என்று நான் தேநீர்க் கோப்பையோடு ஒதுங்கினேன். அவர் கத்தவில்லை. கோப்பைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார்.

"நாலெண்டால் ஏன் அஞ்சு நிக்குது?"

"ஒண்டு பட்டுப்போனாலும் எண்டு..." என்று இழுத்தார் நண்பர்.

தோட்டக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பதில் தானாக வரும். நூறு கண்டு நட வேண்டும் என்றால் நூற்றிருபது நாற்று போடுவார்கள். புழு கொண்டுபோவது ஒன்று, வெயில் கொண்டுபோவது ஒன்று. ஆனால் கனடாவின் கஞ்சாச் சட்டத்தில் இந்த உபரிக் கணக்கு கிடையாது. ஐந்தாவது கண்டு மண்ணுக்கு மேலே இலை விரித்த நாளிலிருந்து அந்த வீடு சட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவர், இந்தச் செடியையே வீட்டில் விரும்பாத ஒருவர்.

தலைக் கணக்கு இல்லை, வீட்டுக் கணக்கு

கனடா 1923-இல் கஞ்சாவைத் தடைசெய்தது. 95 ஆண்டுகள் கழித்து, 2018 ஒக்ரோபர் 17-இல், புதிய கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்குமாக இப்படிச் சட்டபூர்வமாக்கிய முதல் நாடு உருகுவே, இரண்டாவது கனடா. கடையில் வாங்குவது ஒரு பக்கம் இருக்க, வீட்டில் வளர்க்கலாமா என்பதில்தான் கடைசிவரை இழுபறி. முன்னாள் அமைச்சர் ஆன் மக்லெலன் தலைமையிலான பணிக்குழு 2016 டிசம்பரில் கொடுத்த அறிக்கை வீட்டுக்கு நான்கு செடி என்றது. ஒரு செடி 100 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக் கூடாது என்றும் சொன்னது. சட்ட முன்வரைவிலும் அந்த உயரக் கட்டுப்பாடு இருந்தது. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் பொலிஸார் அளவு நாடாவோடு நிற்க முடியுமா என்ற நியாயமான கேள்வி எழுந்து, பாராளுமன்றக் குழுவிலேயே அது கழற்றி விடப்பட்டது. நான்கு என்ற எண் மட்டும் நிலைத்தது.

அந்த நான்கு ஆளுக்கு நான்கு அல்ல. வீட்டுக்கு நான்கு. இதைத் தவறாக விளங்கிக்கொள்பவர்களே அதிகம். அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, தம்பி என்று வயது வந்த ஐவர் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் மொத்தம் நான்கு செடிதான். ஜேர்மனியில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டம் வேறு விதம்: அங்கே வயது வந்த ஒவ்வொருவருக்கும் மூன்று செடி. ஜேர்மனியச் சட்டம் தலையை எண்ணுகிறது. கனடியச் சட்டம் வீட்டை எண்ணுகிறது.

எங்கள் வீடுகளில் இந்த வித்தியாசம் பெரிது. தம்பி மேல்மாடி அறையில் கூடாரம் போட்டு, லைற் பிடித்து, நான்கு செடி வைத்திருப்பது அண்ணனுக்குத் தெரியாமல் இருக்கலாம். அண்ணன் கோடையில் பின்வளவில் இரண்டு செடி வைப்பார். ஒருவரும் பிழை செய்ததாக நினைக்கவில்லை; ஆனால் வீட்டில் ஆறு செடி. ஆகவே இதை ஒருவருடைய அறைக்குள் இரகசியமாக வைத்துக்கொண்டு சட்டத்துக்குள் நிற்க முடியாது. வீட்டில் உள்ளவர்கள் உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும். எங்கள் வீடுகளில் இலகுவில் நடக்காத காரியம் அதுதான்.

"வீடு" என்பதற்கும் சட்டத்தில் பொருள் உண்டு. செடி வைப்பவர் வழக்கமாக வசிக்கும் வீடாக இருக்க வேண்டும். அதை ஒட்டிய வளவும் தோட்டமும் வீட்டுக்குள் அடக்கம். வாடகைக்குக் கொடுத்துவிட்ட இரண்டாவது வீடு, உறவினரின் வெற்று பேஸ்மெண்ட், கடையின் பின்னறை என்பவை அதில் சேரா. மேலே வீட்டுக்காரர், கீழே தனி வாசலும் தனிச் சமையலறையுமாக வாடகைக் குடும்பம் என்று இருந்தால் அது ஒரு வீடா, இரண்டு வீடா? விதை போடுமுன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஆண் மரமும் கணக்கில் சேரும்

பனை தெரிந்தவர்களுக்குக் கஞ்சாச் செடியை விளக்குவது சுலபம். பனையில் ஆண் வேறு, பெண் வேறு. கஞ்சாவும் அப்படித்தான். மக்கள் தேடும் பூங்கொத்து பெண் செடியில்தான் கிடைக்கும். ஆண் செடியால் பயனில்லை; அதன் மகரந்தம் பட்டால் பெண் செடியும் விதை பிடித்துவிடும். எது ஆண், எது பெண் என்று பூக்கத் தொடங்கும்போதுதான் தெரியவரும். சாதாரண விதையில் நான்கு போட்டால் இரண்டு ஆணாகப் போகலாம் என்பதால், எட்டுப் போட்டுப் பிறகு களையலாம் என்று கை குறுகுறுக்கும். சட்டம் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. சாண் உயரமா, ஆள் உயரமா என்றும் பார்ப்பதில்லை. செடி என்றால் செடி. தாய்ச் செடியில் கிளை வெட்டி வேர்பிடிக்க வைத்தால் அதுவும் எண்ணிக்கையில் ஒன்று. பெண்ணாகவே வரும்படி தேர்ந்த விதைகள் கடையில் விற்பதால் இந்தக் குறுகுறுப்புக்கு மருந்தும் இருக்கிறது.

விதை எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். ஒன்ராறியோவில் அரசின் இணையக் கடையிலோ உரிமம் பெற்ற கடையிலோ வாங்கலாம். வயது 19 நிரம்பியிருக்க வேண்டும். கள்ளச் சந்தை விதை என்று தெரிந்தே நட்டால், நான்கே செடி வைத்திருந்தாலும் குற்றம். வெளிநாட்டிலிருந்து தபாலில் விதை தருவிப்பது இறக்குமதி, அதுவும் குற்றம்.

அளவு மீறினால் என்ன? ஐந்து, ஆறு செடி என்ற அளவில் 200 டொலர் அபராதச் சீட்டோடு முடித்துவிடச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு மேலே போனால் நீதிமன்றம். உச்ச தண்டனை 14 ஆண்டுச் சிறை.

படலையைத் தாண்டினால்

வீட்டுக்குள் இருக்கும்வரை காய்ந்த பூவின் எடைக்கு மத்திய சட்டத்தில் வரம்பு இல்லை. வெளியிடங்களில் வரம்பு உண்டு: வளரும் செடிக்கு ஒரு விதி, அறுத்துக் காயவைத்த பூவுக்கு இன்னொரு விதி.

காய்ந்த கஞ்சா என்றால் 30 கிராம்வரை கையில் கொண்டுபோகலாம். விதை ஒன்று ஒரு கிராமுக்குச் சமம் என்பது சட்டத்தின் கணக்கு. ஆகவே 30 விதை. செடி என்றால், மொட்டு வைக்காத, பூக்காத செடி நான்குவரை. பூத்த செடி ஒன்றைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. தெருவில் நிற்கும் உங்கள் காரும் "வெளி" தான். ஆவணி மாதத்தில் வீடு மாறுகிறீர்கள். அலுமாரி, கட்டில், கறிவேப்பிலைச் சட்டி எல்லாம் லொறியில் ஏறும். பூத்து நிற்கும் அந்தச் செடி ஏற முடியாது. வீடு மாறும் திகதியைப் பார்த்துத்தான் விதைக்கும் திகதியைக் குறிக்க வேண்டும்.

நண்பருக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், அவர் வயது வந்தவராக இருந்தால், 30 கிராமுக்குள் இருந்தால், காசு வாங்காவிட்டால். பூக்காத கண்டையும் அப்படியே கொடுக்கலாம். "உரத்துக்கு ஆன காசை மட்டும் தா" என்று கேட்ட கணமே அது விற்பனை. அதற்கும், சிறுவருக்குக் கொடுப்பதற்கும் உச்ச தண்டனை 14 ஆண்டு.

அறுத்ததை வீட்டில் சமைக்கலாம். வெண்ணெயிலோ நெய்யிலோ காய்ச்சிப் பலகாரம் செய்ய அனுமதி உண்டு. பியூட்டேன் போன்ற எரியும் கரைப்பான்களால் சாறு பிரிக்க அனுமதி இல்லை. அது வீட்டையே கொளுத்திவிடக்கூடிய வேலை. பலகாரம் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைச் சாதாரண டப்பாவில் வைக்காதீர்கள். குளிர்பெட்டியைத் திறக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் கேக். பூட்டும் சாவியும் இல்லாமல் இந்தச் செடியை வீட்டுக்குள் எடுக்கவே கூடாது.

ஒட்டாவா ஆற்றின் இரு கரை

மத்திய சட்டம் நான்கு என்று சொன்னாலும், அதைக் குறைக்கவோ இறுக்கவோ மாகாணங்களுக்கு இடம் உண்டு. ஒட்டாவாவில் ஒருவர் தன் பின்வளவில் நான்கு செடி வைத்திருந்தால் கேள்வியில்லை. பாலத்தைக் கடந்து கற்றினோ பக்கம் போனால் அது கியூபெக். அங்கே சொந்தப் பாவனைக்கு ஒரு செடிகூட வைக்க முடியாது. அபராதம் 250 முதல் 750 டொலர்வரை. மொன்றியலில் இருக்கும் எங்கள் உறவினர்களுக்கும் இதே விதிதான்.

இது சரியா என்று ஜானிக் மரே-ஹோல் என்பவர் வழக்குப் போட்டார். மத்திய அரசு அனுமதித்ததை மாகாணம் எப்படித் தடுக்கலாம் என்பது அவர் வாதம். 2019-இல் முதல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் தோற்றார். 2023 ஏப்ரல் 14-இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஏகமனதாகக் கியூபெக்கின் தடை செல்லும் என்று தீர்த்தது. மத்திய சட்டம் நான்கு செடி வளர்க்கும் உரிமையை ஒருவருக்கும் வழங்கவில்லை. நான்குக்கு மேற்பட்டதைக் குற்றமாக்கியது, அவ்வளவுதான் என்பது தீர்ப்பின் சாரம். குற்றம் இல்லை என்பதும் உரிமை என்பதும் ஒன்றல்ல. மனிற்றோபாவும் பல ஆண்டுகள் தடையோடு இருந்துவிட்டு 2025-இல் நான்கு செடிக்கு வழிவிட்டது.

அனுமதிக்கும் மாகாணங்களிலும் விதிகள் ஒன்றல்ல. பிரிட்டிஷ் கொலம்பியாவில் தெருவில் போகிறவர் கண்ணுக்குச் செடி தெரியக் கூடாது. பிள்ளை பராமரிப்பு நடத்தும் வீட்டில் வைக்கவே கூடாது. நியூ பிரன்ஸ்விக்கில் வெளியே வைப்பதானால் 1.52 மீற்றர் உயர வேலியும் பூட்டும் வேண்டும். ஒன்ராறியோவில் விதி இளகியது. அதற்காக வீதியோர வேலியில் கஞ்சாவை அவரைபோலப் படரவிடுவது புத்தியில்லை. களவெடுக்க வருபவர் சட்டம் பார்ப்பதில்லை.

பொலிஸ் வராத வழக்குகள்

நான்கு செடிக்காரருக்குப் பொலிஸால் வரும் தொல்லையைவிட வாடகை ஒப்பந்தத்தாலும் காப்புறுதிப் பத்திரத்தாலும் வரும் தொல்லைக்கே வாய்ப்பு அதிகம். ஒன்ராறியோ அரசே நிபந்தனை வைக்கிறது: வாடகை ஒப்பந்தமோ கொண்டோ விதியோ தடுக்காவிட்டால்தான் நான்கு செடி. முழுக் காசும் கட்டி முடித்த சொந்தக் கொண்டோவாக இருந்தாலும், நிர்வாகம் விதி போட்டிருந்தால் பல்கனியில் ஒரு சட்டிகூட வைக்க முடியாது. வாடகைக்கு இருப்பவர் கையெழுத்திட்ட தாளைத் திரும்ப எடுத்து வாசிப்பது நல்லது. வாடகைக்குக் கொடுப்பவரும் அப்படியே.

வீட்டுக்காரர்களின் பயத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சட்டம் வருமுன் ரொறன்ரோவைச் சுற்றிய புறநகர்களில் வீடுகளை வாடகைக்கு எடுத்து, யன்னலை மறைத்து, மின்மானியைத் தாண்டிக் கள்ளத்தனமாக மின்சாரம் இழுத்து நூற்றுக்கணக்கில் செடி வளர்த்தார்கள். ஈரத்தில் சுவரெல்லாம் பூஞ்சணம். "குரோ ஒப்" நடந்த வீடு என்று பெயர் விழுந்தால் விற்பதே பெரும்பாடு. வீடு விற்பனை முகவர்கள் வாயில் இன்றும் அந்தச் சொல் இருக்கிறது. நான்கு செடிக்கு அவ்வளவு ஈரம் வராதுதான். என்றாலும் காற்றோட்டம் இல்லாத பேஸ்மெண்ட் மூலையில், ஒரே செருகியில் மூன்று லைற் மாட்டி வைத்தால் பூஞ்சணமும் தீயும் தூரத்தில் இல்லை. காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் வைத்துவிட்டு, தீப்பிடித்த பிறகு சொல்ல முடியாது.

மருத்துவத் தேவைக்கு வளர்ப்பவர்களுக்குத் தனிப் பாதை உண்டு. வலிப்பு நோயாளி ரெறன்ஸ் பார்க்கரின் வழக்கில் 2000-இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அதற்கு வழி திறந்தது. மருத்துவரின் அனுமதித் தாளோடு கனடியச் சுகாதாரத் திணைக்களத்தில் பதிய வேண்டும். நாளொன்றுக்கு ஒரு கிராம் என்று மருத்துவர் எழுதினால், உள்ளே வளர்க்க ஐந்து செடி, வெளியே என்றால் இரண்டு என்று திணைக்களத்தின் கணக்கு போகும். பாடசாலை, பொது விளையாட்டுத் திடல், பிள்ளை பராமரிப்பு நிலையம் ஆகியவற்றின் எல்லையை ஒட்டிய வளவில் வெளியே வளர்க்க அனுமதி இல்லை. பதிவு கைக்கு வரும்வரை நோயாளியும் மற்றவர்கள்போல நான்கு செடிக்காரர்தான்.

குடியுரிமை எடுக்காதவர்கள் வாசிக்க

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி வைப்பதானால் இதை வெட்டி வையுங்கள். நிரந்தர வதிவிட உரிமையோடு இருப்பவர், உச்ச தண்டனை 10 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், குடிவரவுச் சட்டத்தின்படி கனடாவில் இருக்கும் தகுதியையே இழக்கலாம். நீதிபதி உண்மையில் எவ்வளவு கொடுத்தார் என்பதல்ல, சட்டப் புத்தகத்தில் உச்சம் எவ்வளவு என்பதே அளவுகோல். மிகுதியாகச் செடி வளர்த்ததற்கான உச்சம் 14 ஆண்டு என்பதை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தால் மேல்முறையீட்டு உரிமையும் போகும். போதையில் வாகனம் ஓட்டுவதற்கான உச்ச தண்டனையும் 2018 டிசம்பரில் 10 ஆண்டாக உயர்ந்தது. ஒரே செயலுக்குக் குடியுரிமை உள்ள அண்ணன் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்கு வருவார். குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் தம்பிக்கு நாடு கடத்தும் கடிதம் வரலாம்.

எல்லை கடப்பதும் அப்படித்தான். நியூயோர்க் மாநிலத்திலும் கஞ்சா சட்டபூர்வம். வீட்டில் வளர்க்கவும் விடுகிறார்கள். ஆனால் நயாகராவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டபூர்வமான பொருள், நடுவில் இருக்கும் பாலத்தில் கடத்தல். எல்லைக் காவலர் பார்ப்பது அமெரிக்க மத்திய சட்டத்தை. அதன்படி அது போதைப்பொருள். கனடாவுக்குள் திரும்பக் கொண்டுவருவதும் குற்றம்.

ஊருக்குப் போகும்போது ஒரு விதைகூடப் பையில் இருக்க வேண்டாம். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. வீட்டுக்கு நாலு என்ற சலுகை அங்கே இல்லை. இலங்கையிலும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் "கேரளக் கஞ்சா மீட்பு" என்ற தலைப்பு வராத வாரம் அரிது. கடற்கரையில் பொதி, பொலிஸார், தலை குனிந்த இளைஞர்: எங்கள் பெற்றோர் மனதில் இந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கும் படம் அதுதான். ஸ்காபரோச் சமையலறையில் ஒரு மகன் "சட்டப்படி வைக்கலாம்" என்று சொல்லும்போது, அப்பாவின் காதில் விழுவது அந்தத் தலைப்பு.

நாலு

அன்று அந்தச் சமையலறையில் பெரியவர் அதிகம் பேசவில்லை. "எனக்கு இது பிடிக்கேல்லை. வைக்கிறதெண்டால் ஒழுங்கா வை," என்றார். பிறகு ஐந்து கோப்பையையும் வெளிச்சத்தில் பிடித்துத் தண்டைப் பார்த்தார். மெலிந்து நீண்டிருந்த ஒன்றைத் தேர்ந்து, இரண்டு விரலால் பிடுங்கி, பின்வளவு உரக் குவியலில் போட்டுவிட்டுக் கை கழுவினார்.

விக்ரோரியா தினம் கழிந்து நாற்றுகள் வெளியே போயின. கஞ்சா நான்கும் வளவின் மூலையில், வேலி மறைவில். ஒக்ரோபரில் பெரியவர் கறிவேப்பிலைச் சட்டியை உள்ளே எடுத்து யன்னலோரம் வைத்த அதே வாரம், மகன் செடிகளை அறுத்து வளவுக் கொட்டிலில் காயப்போட்டார். கொட்டில் கதவில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. பேத்திக்கு எட்டாத உயரத்தில் அதைப் பொருத்தியது பெரியவர்தான்.

அடுத்த மே மாதம் போனேன். யன்னலோரத்தில் மிளகாய் பன்னிரண்டு, கத்தரி எட்டு, தக்காளி ஆறு. எல்லாமே தேவைக்கு மேலே. ஓரத்தில் நான்கே நான்கு கோப்பைகள் தனியாக நின்றன.